கோபத்துக்கு 30 நாள் கணக்கு: எபிக்டெட்டஸ் கற்றுத்தந்த தன்னடக்கப் பயிற்சி

ரோமப் பேரரசுக் காலத்துத் தத்துவ ஆசிரியர் எபிக்டெட்டஸ் தன் கைப்பட எதையும் எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருப்பவை அரியன் என்ற மாணவர் அவருடைய வகுப்பில் உட்கார்ந்து எடுத்த குறிப்புகள்தான். ‘உரைகள்’ என்ற பெயரில் வழங்கும் அந்தக் குறிப்புகளில் இன்று நான்கு புத்தகங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவருடைய போதனையின் சாரமாக அரியன் தொகுத்த ‘கையேடு’ 53 சிறு பகுதிகள் கொண்டது. ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம். அப்படிப் படித்து முடித்தவர்கள் பலர், அடுத்த முறை கோபம் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கப் பார்க்கிறார்கள். சில நாள் தாங்குகிறது. பிறகு ஒருநாள் சேர்த்து வைத்து வெடிக்கிறது. ‘இதெல்லாம் ஏட்டுக்குத்தான் சரி’ என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

எபிக்டெட்டஸ் சொன்ன தன்னடக்கம் பல்லைக் கடிப்பதில் தொடங்குவதில்லை. கோபமோ ஆசையோ முழு வேகம் எடுத்த பிறகு அதைப் பிடித்து நிறுத்தும் கலையை அவர் கற்றுத்தரவில்லை. அதற்கு முந்தைய ஒரு சிறு இடைவெளியில் என்ன செய்வது, அந்த இடைவெளியில் செயல்பட முன்கூட்டியே எப்படிப் பழகுவது என்பதைத்தான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னார். பயிற்சிகளை அவர் தந்த வரிசையிலும் அளவிலும் எடுத்துக்கொண்டால் வேலை செய்கின்றன. வரிசை மாறினால் பெரும்பாலும் செய்வதில்லை.

அவர் எங்கிருந்து பேசுகிறார் என்பது முதலில் தெரிய வேண்டும். கி.பி. 50-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியில் பாமுக்கலே என்று அழைக்கப்படும் இடத்தில் இருந்த ஹியராபோலிஸ் நகரில் பிறந்தார். ரோமில் அடிமையாக இருந்தார். அவருடைய எஜமான் எபஃப்ரோடிடஸும் ஒரு காலத்தில் அடிமைதான். விடுதலை பெற்று நீரோ மன்னனின் செயலராக உயர்ந்தவர். உலகிலேயே பெரிய அதிகார மையத்தின் உள்ளறையை அடிமையின் இடத்தில் நின்று பார்த்தவர் எபிக்டெட்டஸ். வகுப்பில் அவர் சொல்லும் உதாரணங்கள் பல அங்கிருந்தே வருகின்றன. ஒரு செல்வர் எபஃப்ரோடிடஸின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுகிறார்: தான் நொடித்துப் போய்விட்டதாகவும், 15 லட்சம் காசு தவிர வேறெதுவும் மிச்சமில்லை என்றும் சொல்கிறார். எபஃப்ரோடிடஸ் சிரிக்கவில்லை. ஐயோ பாவம், இதை எப்படித் தாங்கிக்கொண்டாய் என்று கேட்கிறார். இன்னொரு சம்பவம் ஃபெலிசியோ என்ற செருப்புத் தைக்கும் அடிமையைப் பற்றியது. உதவாதவன் என்று எபஃப்ரோடிடஸ் அவனை விற்றுவிட்டார். வாங்கியவர் அரண்மனைக்காரர், ஃபெலிசியோ மன்னரின் செருப்புத் தைப்பவன் ஆனான். அதன் பிறகு எபஃப்ரோடிடஸ் அவனிடம் காட்டிய மரியாதையைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறார் எபிக்டெட்டஸ். அதிகாரத்தில் இருப்பவரையும் ஆட்டிவைக்கும் கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று அவருக்கு இளமையிலேயே தெரிந்துவிட்டது.

அடிமையாக இருக்கும்போதே, ஸ்டோயிக் என்ற கிரேக்கத் தத்துவ மரபைச் சேர்ந்த முசோனியஸ் ரூஃபஸ் என்ற ஆசிரியரிடம் படித்தார். கடுமையான ஆசிரியர். ஒரு தர்க்கப் பயிற்சியில் விடுபட்டதைக் கண்டுபிடிக்காததற்காகத் திட்டு வாங்கிய எபிக்டெட்டஸ், நான் என்ன ரோமின் தலைமைக் கோயிலான கேப்பிட்டலையா எரித்துவிட்டேன் என்று கேட்டார். இந்தப் பாடத்தில் நீ விட்டதுதான் கேப்பிட்டல் என்றார் முசோனியஸ். சிறிய இடத்தில் விட்டது சிறிய தவறு ஆகாது என்ற இந்தப் பார்வை பின்னாளில் எபிக்டெட்டஸின் பாடம் முழுக்க இருக்கிறது.

டொமிஷியன் மன்னன் தத்துவ ஆசிரியர்களை ரோமிலிருந்து வெளியேற்றியபோது, விடுதலை பெற்றிருந்த எபிக்டெட்டஸ் கிரேக்கத்தின் மேற்குக் கரையில் உள்ள நிக்கோபொலிஸுக்குப் போய்ப் பள்ளி தொடங்கினார். கி.மு. 31-இல் ஆக்டியத்தில் நடந்த கடற்போரில் வென்றதன் நினைவாக அகஸ்டஸ் உருவாக்கிய நகரம் அது. கடைசிவரை அங்கேயே இருந்தார். கால் ஊனமுற்றவர். ஊனம் காலுக்குத்தான் தடை, நீ அதற்கு இடம் கொடுத்தாலொழிய உன் மனத்தின் முடிவுக்குத் தடை ஆகாது என்று கையேட்டில் வரும் வரியை இதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

பிடிக்க வேண்டிய இடம்

கையேடு எடுத்த எடுப்பில் ஒரு பிரிவினை செய்கிறது. நம்முடைய கருத்து, முனைப்பு, விருப்பு, வெறுப்பு ஆகியவை நம் கையில் உள்ளவை. உடல், சொத்து, பெயர், பதவி ஆகியவை நம் கையில் இல்லாதவை. பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். ‘என் கையில் இல்லாததைப் பற்றிக் கவலைப்படக் கூடாது’ என்று மனப்பாடம் செய்துகொண்டு, கவலை வந்ததும் அதைச் சொல்லிப் பார்க்கிறார்கள். கவலை போவதில்லை. போகாததற்குக் காரணம், அந்தப் பிரிவினையைப் பயன்படுத்த வேண்டிய தருணத்தை ஏற்கெனவே கடந்துவிட்டதுதான்.

ஸ்டோயிக்குகளின் கணக்கில் ஒரு செயல் நாலு கட்டங்களில் பிறக்கிறது. ஏதோ ஒன்று நடக்கிறது. அது மனத்தில் ஒரு தோற்றமாக எழுகிறது: ‘இது இப்படித்தான்’ என்று மனத்துக்குப் படுகிறது. அந்தத் தோற்றத்துக்கு மனம் ‘ஆமாம்’ என்று இசைகிறது. இசைந்ததும் முனைப்பு பிறந்து, வாயோ கையோ அசைகிறது. முதல் இரண்டும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை. நாலாவதைத் தடுப்பது மிகக் கடினம். மூன்றாவதுதான் பிடிக்க வேண்டிய இடம்.

இதைத் தெளிவாகக் காட்டும் சம்பவத்தை ரோம எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் பதிவு செய்திருக்கிறார். கிரேக்கத்தின் கஸ்ஸியோப்பாவிலிருந்து இத்தாலியின் பிருந்திசியத்துக்குப் போகும் கப்பல் புயலில் மாட்டுகிறது. அதில் கெல்லியஸோடு ஒரு புகழ்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியரும் இருக்கிறார். அவருடைய முகமும் மற்றவர்களுடையதைப் போலவே வெளிறுகிறது. ஆனால் அவர் அலறவில்லை. புயல் ஓய்ந்ததும் கெல்லியஸ் அவரிடம் காரணம் கேட்கிறார். அவர் தன் பையிலிருந்து எபிக்டெட்டஸின் உரைகளில், இன்று தொலைந்துபோன ஐந்தாம் புத்தகத்தை எடுத்துக் காட்டுகிறார். இடி முழக்கம், திடீர் ஆபத்துச் செய்தி போன்றவை வந்தால் ஞானியின் மனமும் ஒரு கணம் அசையும், நிறம் மாறும். அது மனித இயல்பு. மற்றவன் அந்தத் தோற்றம் சொல்வதை அப்படியே உண்மை என்று ஏற்றுக்கொள்கிறான், ஞானி ஏற்பதில்லை. இவ்வளவுதான் வித்தியாசம் என்கிறது அந்தப் பகுதி.

பயிற்சி செய்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறு இல்லை. காது சூடாவதும், நெஞ்சு படபடப்பதும், நாக்கில் ஒரு சுடுசொல் வந்து நிற்பதும் தோல்வி அல்ல. அவற்றைத் தோல்வி என்று எண்ணுகிறவர், ‘எப்படியும் கோபப்பட்டாகிவிட்டது’ என்று அடுத்த கட்டத்துக்கும் போய்விடுகிறார். உடலின் முதல் அசைவை அடக்க முயலாதீர்கள். அது வரட்டும். அதை மணியோசையாக எடுத்துக்கொண்டு, ‘இப்போது ஒரு தோற்றம் வந்திருக்கிறது’ என்று அடையாளம் காண்பதுதான் முதல் வேலை. கொஞ்சம் பொறு, நீ யார் என்று பார்க்கிறேன், உன்னைச் சோதிக்கிறேன் என்று தோற்றத்திடம் சொல்லும்படி எபிக்டெட்டஸ் மாணவர்களுக்குச் சொல்லித்தந்தார். வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சொற்களாகவே சொல்ல வேண்டும். மௌனமாக ‘விழிப்போடு இருப்பது’ தொடக்கக்காரர்களுக்குப் போதாது. தோற்றமும் சொற்களாகத்தான் வருகிறது.

நடந்ததையும் சேர்த்ததையும் பிரிப்பது

சோதிப்பது எப்படி? உரைகளின் மூன்றாம் புத்தகத்தில் இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. இன்னாருடைய கப்பல் மூழ்கிவிட்டது. என்ன நடந்தது? கப்பல் மூழ்கியது. இன்னாரைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். என்ன நடந்தது? சிறைக்குக் கொண்டுபோனார்கள். ‘அவருக்குக் கேடு வந்துவிட்டது’ என்பதை ஒவ்வொருவரும் தாமாகச் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார். கையேட்டில் இதன் எளிய வடிவம் உண்டு: ஒருவர் சீக்கிரம் குளிக்கிறார் என்றால் சீக்கிரம் குளிக்கிறார் என்று சொல், மோசமாகக் குளிக்கிறார் என்று சொல்லாதே. நிறைய மது குடிக்கிறார் என்றால் நிறையக் குடிக்கிறார் என்று சொல்.

தொடக்கத்தில் இதைத் தாளில்தான் செய்ய வேண்டும். மனத்துக்குள் செய்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். அன்று உங்களை அசைத்த ஒரு சம்பவத்தை எடுங்கள். முதல் வரியில், பக்கத்தில் நின்றிருந்த அறிமுகமில்லாத ஒருவர் நீதிமன்றத்தில் சாட்சியாகச் சொல்லக்கூடியதை மட்டும் எழுதுங்கள். இரண்டாவது வரியில் நீங்கள் சேர்த்ததை எழுதுங்கள். ‘மேலாளர் எல்லோர் முன்னாலும் என் அறிக்கையில் இரண்டு எண்கள் தவறு என்று சொன்னார்’ என்பது முதல் வரி. ‘என்னை மட்டம் தட்டினார்’ என்பது இரண்டாவது வரி.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. தீர்ப்பு முதல் வரிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். தமிழில் அது அடைமொழிகளில் ஒளியும்: ‘திமிராக’, ‘வேண்டுமென்றே’, ‘எப்போது பார்த்தாலும்’, ‘ஒருநாளும்’, ‘வாய்க்கு வந்தபடி’. ‘அவன் திமிராகப் பதில் சொன்னான்’ என்பது சாட்சி அல்ல. அவன் சொன்ன வார்த்தைகள் என்ன, குரல் எவ்வளவு உயர்ந்தது என்பது சாட்சி. எழுதி முடித்ததும் முதல் வரியில் இந்த மாதிரிச் சொற்களை அடித்துவிட்டு மீண்டும் படியுங்கள். பெரும்பாலும் வரி பாதியாகச் சுருங்கிவிடும். சுருங்கும்போது வேகமும் குறைந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். தேர்ந்தெடுக்கும் சம்பவம் சின்னதாக இருக்கட்டும். இருபது வருடப் பகையை முதல் வாரத்தில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டாவது வரி இரண்டு பக்கமாக நீளும். பயிற்சி அங்கேயே நின்றுபோகும்.

பிரித்த பிறகுதான் முதலில் சொன்ன பிரிவினைக்கு வேலை வருகிறது. முதல் வரியில் இருப்பது என் கையில் இருந்ததா? இல்லை. இரண்டாவது வரி? அது முழுக்க நான் சேர்த்தது. அதை வைத்துக்கொள்வதும் விடுவதும் என் பொறுப்பு. உன்னைப் புண்படுத்துவது திட்டுகிறவனோ அடிக்கிறவனோ அல்ல, அது இழிவு என்ற உன் கருத்துதான் என்று எபிக்டெட்டஸ் சொல்வதன் பொருள் இதுதான். அந்த வரியைத் தொடர்ந்து வருவதைப் பலர் கவனிப்பதில்லை: ஒருமுறை காலமும் தாமதமும் கிடைத்துவிட்டால் உன்னைக் கட்டுப்படுத்துவது எளிதாகும் என்கிறார். அந்தத் தாமதத்தை வாங்குவதற்காகத்தான் இவ்வளவும்.

ஆசைக்கு வேறு முறை

கோபத்துக்கான முறையை ஆசைக்கு அப்படியே போட்டால் சரிவராது. கோபத்தில் தோற்றம் நம்மைத் தள்ளுகிறது, ஆசையில் இழுக்கிறது. இழுக்கிறதோடு வாதாடினால் அதையே நினைத்துக்கொண்டிருப்பதாக ஆகிவிடும்.

கையேட்டின் 34-ஆம் பகுதி ஆசைக்கென்றே எழுதப்பட்டது. ஒரு சுகத்தின் தோற்றம் எழுந்தால் அதில் அடித்துச் செல்லப்படாமல் காத்துக்கொள். காரியம் உனக்காகக் காத்திருக்கட்டும், கொஞ்சம் அவகாசம் எடு. பிறகு இரண்டு காலங்களை எண்ணிப் பார்: அனுபவிக்கும் காலம், அனுபவித்த பிறகு வருந்தித் திட்டிக்கொள்ளும் காலம். அவற்றுக்கு எதிரே, விலகி நின்றால் எவ்வளவு மகிழ்வாய் என்பதை வை.

இங்கே ‘வேண்டாம்’ என்று சொல்லச் சொல்லவில்லை. ‘பொறு’ என்றுதான் சொல்லச் சொல்கிறார். இரவு பதினொரு மணிக்குக் கைபேசியை எடுக்கக் கை போகிறது என்றால், ‘எடுக்க மாட்டேன்’ என்று உறுதி எடுப்பதைவிட ‘பத்து நிமிடம் கழித்து எடுக்கிறேன்’ என்பது நிற்கிறது. இரண்டு காலங்களையும் அளவோடு எண்ண வேண்டும். பார்க்கும் சுகம் எவ்வளவு நேரம், நாளைக் காலை தலை கனத்து எழும் நேரம் எவ்வளவு என்று மணிக்கணக்கில் பார்த்தால்தான் எடை தெரியும். ‘கெட்ட பழக்கம்’ என்ற பொதுவான கண்டனம் எதையும் நிறுத்துவதில்லை.

இன்னொரு நுட்பம் உரைகளின் இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது. தோற்றம் அடுத்தடுத்து என்ன வரும் என்று படம் வரைந்துகொண்டே போக இடம் கொடுத்தால் அது உன்னை விரும்பிய இடத்துக்கு இழுத்துப் போய்விடும் என்கிறார். அதற்குப் பதில் வேறொரு நல்ல தோற்றத்தைக் கொண்டுவந்து வை என்கிறார். ஆசையின் பலம் முதல் படத்தில் இல்லை. இரண்டாவது, மூன்றாவது படத்தில்தான் இருக்கிறது. இனிப்பைப் பார்ப்பது முதல் படம். வாயில் கரைவது இரண்டாவது. இரண்டாவது படம் வருவதற்குள் கண்ணைத் திருப்பி, கையை வேறு வேலையில் வைத்துவிட்டால் செலவாகும் சக்தி மிகக் குறைவு. அதற்குப் பின் நிறுத்த நூறு மடங்கு சக்தி வேண்டியிருக்கும்.

முன்கூட்டிப் பழகுவது

இதெல்லாம் சம்பவம் நடக்கும்போது செய்வது. முன்கூட்டிப் பழகாதவருக்கு அப்போது எதுவும் நினைவுக்கு வராது. எபிக்டெட்டஸ் பழகச் சொன்னவற்றில் மூன்றுக்கு நல்ல பலன் இருக்கிறது.

முதலாவது, கிளம்புவதற்கு முன் எண்ணிப் பார்ப்பது. பொதுக் குளியலுக்குப் போகிறாயா? அங்கே தண்ணீர் தெறிப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள் என்பதை எண்ணிக்கொள். ‘எனக்குக் குளிக்கவும் வேண்டும், என் மனத்தை இயற்கைக்கு இசைந்தபடி வைத்துக்கொள்ளவும் வேண்டும்’ என்று சொல்லிக்கொள் என்கிறார். அவர் எண்ணச் சொன்ன நான்கும் அங்கே நிச்சயம் நடக்கக்கூடிய சாதாரணமானவை. கூரை இடிந்து விழுவதை எண்ணச் சொல்லவில்லை. இன்று இதைப் பழகும் பலர் விபத்து, நோய், மரணம் என்று கற்பனை செய்து காலையிலேயே பதற்றமாகிவிடுகிறார்கள். கிளம்பும் இடத்தில் வழக்கமாக நடக்கும் மூன்று நான்கு தொந்தரவுகள் போதும். ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். அதைவிட முக்கியம் இரண்டாவது நோக்கத்தைச் சொல்லிக்கொள்வது. வங்கிக்குப் போகிறவர் ‘வேலை முடிய வேண்டும்’ என்ற ஒரே நோக்கத்தோடு போனால், வரிசை நீளும்போது கையில் எதுவும் மிஞ்சாது. ‘வேலையும் முடிய வேண்டும், நிதானமும் கெடக் கூடாது’ என்று போகிறவருக்கு, முதலாவது நடக்காவிட்டாலும் இரண்டாவது மிச்சம் இருக்கிறது.

இரண்டாவது, விலை சொல்வது. கொஞ்சம் எண்ணெய் சிந்திவிட்டது, கொஞ்சம் மது திருடு போய்விட்டது. மன அமைதிக்கு இதுதான் விலை, இலவசமாக எதுவும் வராது என்று சொல்லிக்கொள் என்கிறார். அவரே இப்படி நடந்துகொண்ட ஒரு நிகழ்ச்சியை வகுப்பில் சொன்னார். வீட்டுத் தெய்வங்களின் பக்கத்தில் ஓர் இரும்பு விளக்கு வைத்திருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தால் திருடு போயிருந்தது. நாளைக்கு மண் விளக்கு கிடைக்கும் என்று விட்டுவிட்டார். ஒரு விளக்குக்காகத் திருடன் தன் நேர்மையையே விலையாகக் கொடுத்துவிட்டான் என்றும் சொன்னார். விலை சொல்லும் பயிற்சியைச் சின்ன இழப்புகளில்தான் தொடங்க வேண்டும். கையேட்டின் மூன்றாம் பகுதியிலும் அவர் முதலில் சொல்வது ஒரு பானையைத்தான்: உனக்குப் பானை பிடிக்கும் என்றால், பிடித்தது ஒரு பானை என்று சொல்லிக்கொள், உடைந்தால் கலங்க மாட்டாய். அதற்கடுத்த வரியில் மனைவி மக்களும் மனிதர்கள், சாகக்கூடியவர்கள் என்று வருகிறது. படிக்கும் பலர் அந்த வரியில் அதிர்ந்துபோய், இவர் கல்நெஞ்சர் என்று விட்டுவிடுகிறார்கள். கைவிடப்பட இருந்த ஒரு நண்பரின் குழந்தையை முதுமையில் எடுத்து வளர்த்தவர் இவர். வரிசையை மதியுங்கள். பானையில் வருடக்கணக்காகப் பழகாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். அவசரப்படுத்த வேண்டிய வரி அல்ல அது.

மூன்றாவது, எதிர்ப்பக்கம் சாய்வது. சுகத்தின் பக்கம் சாய்கிறவன் நான் என்றால், பழகுவதற்காக அளவுக்கு மீறியே எதிர்ப்பக்கம் உருள்வேன் என்கிறார். உடனே இதற்கு ஒரு கட்டுப்பாடும் வைக்கிறார்: ஊர் பார்க்கச் செய்யாதே. குளிரில் சிலையைக் கட்டிப்பிடித்து நிற்பது போன்ற வித்தைகள் வேண்டாம். கடும் தாகத்தில் இருக்கும்போது குளிர்ந்த நீரை வாயில் எடுத்து, துப்பிவிட்டு, யாரிடமும் சொல்லாதே. கையேட்டின் 47-ஆம் பகுதி இவ்வளவுதான். இதில் மிகக் கடினம் கடைசிச் சொல். நீரைத் துப்புவதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். சொல்லாமல் இருப்பதைப் பழக நாளாகும். பயிற்சியைத் தொடங்கியதும் வீட்டிலும் நண்பர்களிடமும் அறிவிக்கிறவர்களுக்குப் பாராட்டு முன்பணமாகக் கிடைத்துவிடுகிறது. பிறகு பயிற்சி அந்தப் பாராட்டைக் காப்பாற்றும் வேலையாகிவிடுகிறது. பாராட்டு நம் கையில் இல்லாத பட்டியலில் இருப்பது. நம்மை மாற்ற எடுத்த கருவி நம்மையே அந்தப் பட்டியலுக்குள் கொண்டுபோய்க் கட்டிவிடுகிறது. தாகப் பயிற்சி எல்லோர் உடம்புக்கும் ஏற்றதல்ல; வெயிலில் வேலை செய்கிறவர்களும் நோயாளிகளும் விட்டுவிடலாம். விருந்தில் தட்டு உங்களிடம் வரும்வரை கை நீட்டாமல் இருப்பது, கேட்காமல் கருத்துச் சொல்லாமல் இருப்பது என்று கையேட்டிலேயே வேறு பல உண்டு. நாவடக்கத்துக்கு மட்டும் 33-ஆம் பகுதியில் நீண்ட பட்டியல் இருக்கிறது. அதில் அவர் எல்லாவற்றுக்கும் மேலாகத் தவிர்க்கச் சொல்வது, ஆட்களைப் பற்றிக் குறை சொல்லியோ புகழ்ந்தோ ஒப்பிட்டோ பேசுவது.

30 நாள் கணக்கு

கோபக்காரனாக இருக்க விருப்பமில்லை என்றால் அந்தப் பழக்கத்துக்குத் தீனி போடாதே, முதலில் அமைதியாக இரு, கோபப்படாத நாட்களை எண்ணு என்கிறார் உரைகளின் இரண்டாம் புத்தகத்தில். தினமும் கோபப்பட்டேன், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு நான்கு நாளுக்கு ஒருமுறை. 30 நாள் தாண்டிவிட்டால் தெய்வத்துக்குப் பலி கொடு என்கிறார்.

இலக்கு எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதல் நாளிலிருந்தே கோபப்படாதே என்று அவர் சொல்லவில்லை. இடைவெளி நீள வேண்டும் என்றார். அதனால் நாட்காட்டியில் நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு தவறுகளுக்கு நடுவில் எத்தனை நாள் என்பதைத்தான். எதைக் கோபம் என்று கணக்கில் எடுப்பது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். முகம் சிவந்ததை எண்ணாதீர்கள். அது கப்பலில் வெளிறிய முகம். குரல் உயர்ந்தது, கடுஞ்சொல் வந்தது, பதிலுக்குப் பேசாமல் இருந்து தண்டித்தது, இவற்றை எண்ணுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இசைந்த கோபம்தான்.

கணக்கு ஏன் வேண்டும் என்பதற்கும் அவர் காரணம் சொல்கிறார். ஒவ்வொரு செயலும் அதே செயலுக்கான பழக்கத்தை வளர்க்கிறது. ஒருமுறை சாட்டையடி வாங்கிய இடம் முழுக்க ஆறாமல் மறுபடி அடிபட்டால், தழும்பு அல்ல, புண் வரும். அதனால் ஒரு வெடிப்புக்கு அடுத்த சில நாட்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டியவை. நடைமுறையில் ஆட்கள் அதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். தவறிவிட்டது என்று அந்த வாரத்தையே தளர்த்திவிடுகிறார்கள்.

இரவில் நாளைத் திரும்பிப் பார்ப்பதை, பிதாகரஸின் பெயரில் வழங்கும் பழைய செய்யுள் வரிகளைக் கொண்டு எபிக்டெட்டஸ் சொல்லித்தந்தார். எங்கே தவறினேன், என்ன செய்தேன், செய்ய வேண்டியதில் எதை விட்டேன் என்று மூன்று கேள்விகள். அவருக்கு ஒரு தலைமுறை முந்தைய ஸ்டோயிக் எழுத்தாளர் செனெகாவும் விளக்கை எடுத்துச் சென்ற பிறகு, மனைவி பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாளை முழுக்கத் திரும்பிப் பார்ப்பதாக எழுதியிருக்கிறார். இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னிக்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாராம். அந்த மன்னிப்பைச் சேர்த்துக்கொள்வது நல்லது. அது இல்லாமல் மூன்று கேள்விகளையும் தினமும் கேட்டால், சில வாரங்களில் படுக்கை விசாரணைக் கூடமாகிவிடும், தூக்கம் போய்விடும். தூக்கம் கெட்டவருக்கு மறுநாள் இடைவெளி இன்னும் குறுகலாகத்தான் கிடைக்கும்.

தவறிப்போகும் இடங்கள்

தொடக்கத்தில் ஆசையை முற்றாக ஒத்திவை என்று கையேட்டின் இரண்டாம் பகுதி சொல்கிறது. நல்ல ஆசைகளையும் சேர்த்துத்தான். ‘நான் சாந்தமானவனாக மாறிவிட வேண்டும்’ என்ற ஏக்கமும் இதில் அடங்கும். அது கைக்கு எட்டாதவரை ஏமாற்றத்தையே தரும். தொடக்கக்காரர் வேலை செய்ய வேண்டியது விலக்கில், அதாவது எதைத் தவிர்ப்பது என்பதில்தான். ‘அமைதியாக இருப்பேன்’ என்பதைவிட ‘சாப்பாட்டு நேரத்தில் குரலை உயர்த்த மாட்டேன்’ என்பது பிடிக்கக்கூடியது, எண்ணக்கூடியது.

இன்னொரு பெரிய தவறு, கற்றதை மற்றவர் மேல் பிரயோகிப்பது. வீட்டில் ஒருவர் அழும்போது ‘உன் கருத்துதான் உன்னை அழவைக்கிறது’ என்று சொல்கிறவர், எபிக்டெட்டஸைப் பாதிதான் படித்திருக்கிறார். துயரத்தில் அழுகிறவரைக் கண்டால் அவருக்கு ஆறுதலாகப் பேசத் தயங்காதே, தேவையானால் அவரோடு சேர்ந்து புலம்பவும் செய், உள்ளுக்குள் மட்டும் புலம்பாதே என்று 16-ஆம் பகுதி சொல்கிறது. பயிற்சி முழுக்க உள்நோக்கியது. வெளியே அதன் அடையாளமாகத் தெரிய வேண்டியது, குறை சொல்வது குறைவதுதான்.

உணர்ச்சி இல்லாத முகத்தை வரவழைத்துக்கொள்வதும் நடக்கிறது. அது பல்லைக் கடிப்பதன் இன்னொரு வடிவம். எபிக்டெட்டஸ் மெச்சிச் சொன்ன ரோம ஸ்டோயிக் அக்ரிப்பினஸைப் பாருங்கள். செனட்டில் அவர் மேல் விசாரணை நடக்கிறது என்று சொல்கிறார்கள். நல்லபடி நடக்கட்டும், ஆனால் இது உடற்பயிற்சி செய்து குளிர்ந்த நீரில் குளிக்கும் நேரம் என்று போய்விடுகிறார். திரும்பி வந்ததும் தீர்ப்பு வந்துவிட்டது என்கிறார்கள். மரணமா, நாடுகடத்தலா என்று கேட்கிறார். நாடுகடத்தல். சொத்து? பறிக்கப்படவில்லை. சரி, அரிசியாவுக்குப் போய் மதியச் சாப்பாடு சாப்பிடுவோம் என்கிறார். நாடுகடத்தப்பட்டவர் ரோமை விட்டுப் போகும் வழியில் முதலில் வரும் ஊர் அரிசியா. அவர் கேள்விகள் கேட்டார், செய்தியைத் தெரிந்துகொண்டார், அடுத்த வேலையைத் திட்டமிட்டார். மரத்துப்போன மனிதர் இதைச் செய்வதில்லை.

‘இன்றைக்கு மட்டும் விட்டுப் பிடிப்போம்’ என்பதற்கும் அவரிடம் பதில் இருக்கிறது. உரைகளில் மிஞ்சியிருக்கும் கடைசிப் புத்தகத்தில் கவனத்தைப் பற்றித் தனி வகுப்பே உண்டு. கவனத்தைத் தளர்த்திவிட்டால், நினைத்த நேரத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதே. இன்றைய தவறால் மற்றக் காரியங்களும் மோசமாகும் என்கிறார். இன்று விளையாட வேண்டும் என்றால், கவனத்தோடு விளையாட என்ன தடை என்று கேட்கிறார். தவறே இல்லாமல் வாழ முடியுமா என்று தானே கேட்டு, முடியாது என்றும் சொல்கிறார். கவனத்தை விடாமல் வைத்திருந்து, சில தவறுகளிலிருந்தாவது தப்பினால் அதற்கே திருப்திப்பட வேண்டும் என்பது அவர் கணக்கு. ‘சில’ என்ற அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மன்னர்களுக்குப் பாடமாக அமைந்த ஆசிரியர் தன் மாணவர்களுக்கு வைத்த இலக்கு அவ்வளவுதான். பின்னாளில் ரோம மன்னர் மார்க்கஸ் அரேலியஸ், தன் ஆசிரியர் ரஸ்டிகஸ் அவருடைய சொந்த நூல்களிலிருந்து எபிக்டெட்டஸின் குறிப்புகளை எடுத்துத் தந்ததற்காக அவருக்கு நன்றி எழுதி வைத்தார்.

தவறிவிட்டால் என்ன செய்வது? ஒலிம்பிக் போட்டியில் தோற்றவன் நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை, விழுந்தவன் எழுந்ததும் மறுபடி போட்டியில் இறங்கலாம், யாரும் தடுப்பதில்லை என்கிறார். ஆனால் தோற்றுவிட்டு ‘அடுத்த முறை வெல்வேன்’ என்று சொல்லி, அடுத்த முறையும் அதையே சொல்லிக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் தவறுகிறோம் என்பதே தெரியாமல் போய், செய்ததற்கு நியாயம் தேட ஆரம்பித்துவிடுவாய் என்றும் எச்சரிக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க உதவுவது குறிப்பேடுதான். தவறிய அன்று அதில் காரணம் எழுதாதீர்கள். காரணம் எழுதும் கை நியாயம் எழுதத் தொடங்கிவிடும். நேரம், இடம், எந்த வார்த்தை மனத்தில் வந்தபோது இசைந்தீர்கள் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். ஒரு மாதக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வார்த்தை பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அடுத்த மாதம் காலையில் எண்ணிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.